வளரும் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை சட்டை தைக்கும் முறை

நெல்லைச் சீமையில் பெண் குழந்தை இருக்கும் வீட்டில் பட்டுப்பாவாடைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிடும்போதும், ஆனியில் நெல்லையப்பர் தேர் ரத வீதிகளைச் சுற்றி வரும்போதும், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும், ஊர் அம்மன் கோயில் கொடைக்கும், நவராத்திரியில் வீடு வீடாகக் கொலு பார்க்கப் போகையிலும், பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் குழந்தை அதே பாவாடையைத்தான் எடுத்துத் தரச் சொல்லும். அத்தனை ஆசையாகவும் விலை கொடுத்தும் எடுத்த பட்டு அடுத்த ஆண்டே கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றால் மனம் கேட்காது. ஆகவே, தைக்கும்போதே வளர்ச்சிக்கு இடம் விட்டுத் தைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த இடத்தை எந்தத் துணியில் விடுவது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலும் பாவாடைப் பட்டிலேயே கரைக்கு மேல் ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்து, பிறகு அதைப் பிரித்து விடுகிறார்கள். பட்டில் ஊசி இறங்கிய துளை எளிதில் மூடிக்கொள்வதில்லை; ஓராண்டு மடிந்து கிடந்த கோடும் எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் முழுவதுமாகப் போவதில்லை. பாவாடையை, கையில்லாத உள்சட்டை போன்ற ஒரு பருத்திப் பாடியோடு இணைத்துத் தைத்து, நீளத்துக்கு உரிய உபரியை அந்தப் பாடியின் தோளில் வைத்துவிட்டால், பட்டைத் தொடாமலேயே பாவாடையை இறக்கிவிடலாம். பாடி சட்டைக்குள் மறைந்திருப்பதால் பிரித்த தடம் யார் கண்ணிலும் படாது. சின்னக் குழந்தையின் இடுப்பில் நாடா நிற்காமல் வழுக்கும் தொல்லையும், இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தடம் பதியும் தொல்லையும் இதனால் தீரும்.

கீழே உள்ள கணக்கு, ஆறு வயதுக் குழந்தை ஒன்றுக்குப் பொதுவாகப் பொருந்தும் அளவுகளை வைத்துப் போடப்பட்டது: மார்புச் சுற்று 24 அங்குலம், இடுப்புச் சுற்று 22 அங்குலம், தோளிலிருந்து இடுப்புவரை பத்தரை அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 24 அங்குலம், மேல்கைச் சுற்று 7 அங்குலம். உங்கள் குழந்தையின் அளவைப் பனியனோடு நிற்க வைத்து எடுத்துக்கொண்டு, எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளவு நாடாவைச் சுற்றினால் சரியான அளவு கிடைக்கும்.

இந்த அளவுக்கு, ஒரு பக்கம் பெரிய கரையும் மறுபக்கம் சிறிய கரையும் உள்ள, 44 அங்குல அகலப் பட்டுத்துணி 2 மீட்டர் போதும். திருநெல்வேலி டவுண் ரத வீதிகளிலுள்ள ஜவுளிக்கடைகளில் பாவாடைக்கென்றே மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அசல் பட்டு என்று சொல்லி விற்றால், மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் எழுந்தால், வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி நெருப்பில் காட்டலாம்: பட்டு, முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் கரியாக நிற்கும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கரையை ஒட்டிய பின்பக்கத்தையும் கவனியுங்கள். காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவில் உடலும் கரையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து கோக்கப்பட்டிருப்பதால், அந்த இணைப்பு பின்பக்கத்தில் மெல்லிய தடிப்பாகக் கைக்குத் தட்டுப்படும். தையல் இயந்திரத்தின் ஊசி குறுக்கே ஏறும்போது துணி சற்றே தயங்கி நிற்பது அந்த இடத்தில்தான். அங்கே கால் மிதியை நிதானப்படுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுவது நல்லது.

அம்மாவுடைய அல்லது ஆச்சியுடைய பழைய பட்டுச்சேலையை வெட்டித் தைப்பதென்றால், முதலில் அதை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். நெடுங்காலம் ஒரே மடிப்பில் இருந்த சேலை மடிப்புக் கோட்டிலேயே இற்றிருக்கும். இரு கட்டைவிரல்களாலும் மெதுவாக இழுத்துப் பார்க்கையில் இழை விலகினால், அந்தச் சேலை தையலின் இழுவையைத் தாங்காது. உறுதியான பகுதி 2 மீட்டர் கிடைத்தால் மட்டுமே கத்தரியை எடுங்கள்.

உள்ளே வைப்பதற்கு மெல்லிய பருத்தி லைனிங் துணி இரண்டரை மீட்டர் வேண்டும். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் திறந்த வெளியில் நிற்கப் போகிற குழந்தைக்கு வழுவழுப்பான செயற்கை லைனிங் வேண்டவே வேண்டாம். வியர்வை அதில் ஏறாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வாங்கி வந்த பருத்தியையும், கரைக்கு உட்புறம் தைக்கும் ஃபால் துணியையும் ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். முன்கூட்டியே சுருங்கவிடாத லைனிங், பின்னால் சுருங்கிப் பட்டைக் கோணலாக இழுத்துவிடும். பட்டை நனைக்கக் கூடாது; இஸ்திரி போடும்போதும் தண்ணீர் தெளிக்கக் கூடாது. பட்டுக்குரிய மிதமான சூட்டில், பின்பக்கத்தில், மேலே ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை விரித்துத் தேய்த்தால் போதும்.

பட்டுக்குப் புதிய, 11ஆம் எண் ஊசி பொருத்தம். ஏற்கெனவே தடித்த துணி தைத்து முனை மழுங்கிய ஊசி, பட்டின் இழையை இழுத்து நீளக் கோடு விழச் செய்யும். தையல் அங்குலத்துக்குப் பத்து என்ற கணக்கில் இருக்கட்டும். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டிருந்தால், கழிவுத் துணியில் நாலைந்து வரி ஓட்டி எண்ணெய் முழுவதும் வெளியேறியபின் பட்டை வையுங்கள். குண்டூசிகளைத் தையலுக்கு விட்ட இடத்துக்குள் மட்டுமே குத்த வேண்டும். கைவிரலில் சொரசொரப்பு இருந்தால் பட்டிழை மாட்டிக்கொள்ளும் என்பதால், கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருவதும், வியர்வை துடைக்க ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது.

வெட்டுவதற்குத் தரையில் பாயை விரித்து, அதன்மேல் வெளுத்த வேட்டி ஒன்றைப் பரப்பிக்கொள்ளுங்கள். வேட்டியின்மேல் பட்டு வழுக்காது, பாயின் கோரை முனையும் அதைத் தீண்டாது. பட்டைப் பின்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, பெரிய கரையின் ஓரத்திலிருந்து 25 அங்குலம் அளந்து, நெடுகச் சாக்கட்டியால் புள்ளி வைத்து, துணியை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். பெரிய கரையோடு கூடிய 25 அங்குல உயரத் துண்டு பாவாடைக்கு. சிறிய கரையோடு கூடிய 19 அங்குல உயரத் துண்டு சட்டைக்கு. துணியில் மயிலோ அன்னமோ புட்டாவாக வந்திருந்தால், அவை பெரிய கரையைக் கீழே வைத்துப் பார்க்கையில் நேராக நிற்கின்றனவா என்பதை வெட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்; சட்டைத் துண்டுகளையும் சிறிய கரை கீழே வரும்படி வைக்கும்போது அந்தப் பறவைகள் தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட துணியில் சட்டையை மட்டும் எதிர்த்திசையில் வைத்து வெட்டி, சிறிய கரையைத் தனியே எடுத்து அடியில் இணைத்துக்கொள்ளலாம். புட்டா இல்லாத வெற்றுப் பட்டிலும் சிறு கட்டத்திலும் இந்தக் கவலை இல்லை.

பாவாடையின் கொசுவக் கணக்கு மனத்தில் நன்றாகப் பதிய வேண்டிய ஒன்று. 2 மீட்டர் என்பது 78 அங்குலத்துக்குச் சற்று மேல். இரு முனைகளையும் இணைக்கும் தையலுக்கு அரை அரை அங்குலம் போக 77 அங்குலம் நிற்கும். ஒவ்வொரு கொசுவமும் வெளியே 1 அங்குலம் தெரிந்து, உள்ளே 2 அங்குலம் மறைவதாக, ஆக 3 அங்குலத் துணியை எடுத்துக்கொள்ளும். இருபத்தைந்து கொசுவத்துக்கு 75 அங்குலம் செலவாகி, இடுப்பில் 25 அங்குலமாக நிற்கும். மீதமுள்ள 2 அங்குலத்தைப் பின்புறத் திறப்பின் இரு ஓரங்களிலும் 1 அங்குலம் வீதம் மடிக்காமல் தட்டையாக விட்டுவிட வேண்டும். ஆகவே, பாடியின் அடிச்சுற்று, திறந்து வைத்த நிலையில் 27 அங்குலம் இருக்க வேண்டும். பின்னால் 1 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டும்போது அது 26 அங்குலமாகி, 24 அங்குல மார்புக்கு இறுக்காமலும் தொளதொளக்காமலும் அமையும். குழந்தையின் அளவு மாறினால், முதலில் பாடியின் சுற்றை முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கொசுவத்தின் எண்ணிக்கைக்கு வாருங்கள்.

தைக்கத் தொடங்கும்போது, பாவாடைத் துண்டின் இரு முனைகளையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேருமாறு வைத்து, கரைக் கோடு கரைக் கோட்டோடு ஒரு நூல்கூட விலகாமல் இணையும்படி குண்டூசி குத்தி, கீழிருந்து மேலாகத் தைத்துக்கொண்டு போங்கள். மேலிருந்து தொடங்கினால், கடைசியில் கரைக்கு வந்து சேரும்போது ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி நிற்கும். பின்னால் நடந்து வருகிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். மேலே 6 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, அந்தத் திறப்பின் ஓரங்களைப் பருத்திப் பட்டி வைத்து மடித்துத் தையுங்கள். வெட்டிய பட்டு ஓரம் ஓயாமல் இழை பிரிந்துகொண்டே இருக்கும் என்பதால், இணைத்த தையலின் ஓரங்களை உடனே ஜிக்ஜாக் போட்டோ, கையால் சுற்றித் தைத்தோ அடக்கிவிட வேண்டும்.

அடுத்து, பின்பக்கத்தில் மேல் ஓரத்தை ஒட்டி 1 அங்குலம், 2 அங்குலம், மறுபடி 1, மறுபடி 2 என்று மாறிமாறிப் புள்ளி வைத்து, எல்லாக் கொசுவத்தையும் ஒரே திசையில் மடித்து, இடுப்புத் தையல் விழப்போகும் கோட்டுக்கு மேலேயே தளர்ந்த ஓட்டுத் தையலால் நிறுத்துங்கள். பிறகு அளந்து பாருங்கள். 25 அங்குலத்துக்கு அரை அங்குலம் கூடியிருந்தால், அதை ஒரே கொசுவத்தில் ஏற்றாமல் நாலைந்து கொசுவத்தில் நூலளவு நூலளவாகப் பகிர்ந்துவிட வேண்டும். கொசுவத்தை மேலிருந்து மூன்று விரல் அளவுக்கு மட்டுமே இஸ்திரியால் அழுத்தலாம். கரைவரை கத்தி போல் அழுத்தினால் முதல் நாள் பார்க்க அழகாக இருக்கும். நாளடைவில் அந்த மடிப்பு முனையில் சரிகை முறியும். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. நூல் வளைந்து கொடுக்கும் அளவுக்கு அந்தக் கம்பி வளைந்து கொடுப்பதில்லை.

பாவாடை லைனிங்குக்குச் சுற்று 54 அங்குலம் போதும்; நீளம் பட்டைவிட 1 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். அதையும் பின்னால் திறப்பு விட்டுத் தைத்து, அடியை மடித்து, மேலே சுருக்கம் பிடித்து, பட்டுக் கொசுவத்தோடு இடுப்பில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையின் அடியில் பட்டை மடித்துத் தைக்கத் தேவையில்லை. நெய்த ஓரமே அங்கே காவல். ஆனால் உட்புறம் ஃபால் துணி வைத்துக் கையால் ஹெம்மிங் செய்வதை விட்டுவிடாதீர்கள். பெரிய கரையின் பின்பக்கத்தில் சரிகை இழைகள் நீள நீளமாக மிதந்து கிடக்கும். குழந்தை ஓடும்போது கொலுசு மணியின் கொக்கி அதில் மாட்டி ஓர் இழையை இழுத்தால், முன்பக்கத்தில் பூ ஒன்றே சுருங்கிப்போகும். ஃபால் இருந்தால் கொலுசுக்குப் பருத்திதான் அகப்படும். ஒவ்வொரு தையலிலும் பட்டின் ஓரிரு இழையை மட்டும் ஊசியில் எடுத்தால், வெளியே புள்ளி தெரியாது.

பாடியை ஒற்றைப் பருத்தியில் வெட்டலாம். முன்துண்டு தைத்து முடித்தபின் 13 அங்குல அகலமும், பின்துண்டுகள் இரண்டும் தலா 7 அங்குல அகலமும் இருக்க வேண்டும். இரு விலாத் தையலுக்கும் ஒன்றரை அங்குலம் வீதம் தாராளமாக விடுங்கள். தோள்பட்டை 2 அங்குல அகலத்தில் ஏறவும் இறங்கவும் ஒரே சீராக, நேர்ப்பட்டையாக இருக்கட்டும். நீளத்தில் இடுப்புவரை உள்ள பத்தரை அங்குலத்தோடு கீழ்த் தையலுக்கு அரை அங்குலமும், தோள் தையலுக்கு வழக்கமான அரை அங்குலத்தோடு உபரியாக 2 அங்குலமும் சேர்த்து, முன்னும் பின்னும் பதின்மூன்றரை அங்குலம் வெட்ட வேண்டும். தோளில் அந்த இரண்டரை அங்குலத்தையும் உள்ளே விட்டுத் தைத்து, உபரியைப் பட்டையின்மேல் படியவைத்து, ஓரங்களில் கைத்தையல் போட்டுவிடுங்கள். பட்டை நேராக இருப்பதால்தான் பின்னால் பிரிக்கும்போது முன்னும் பின்னும் பிசகாமல் பொருந்தும். பாடியையும் பாவாடையையும் இணைக்கும் இடுப்புத் தையலை இரண்டு வரியாகப் போட்டு, வெட்டிய ஓரம் வயிற்றில் உறுத்தாதபடி பருத்திப் பட்டியால் மூடிவிடுங்கள். பின்னால் பூட்டுவதற்குத் தட்டையான பித்தான் மூன்று வையுங்கள். அதன்மேல் சட்டையின் கொக்கிகளும் வரப்போவதால், பாடியிலும் கொக்கி வைத்தால் குழந்தை சாய்ந்து உட்காரும்போது முதுகில் குத்தும்.

சட்டைக்கு, 78 அங்குல நீளத் துண்டில் முன்பக்கத்துக்கு 17 அங்குலமும், பின்பக்கங்கள் இரண்டுக்கும் தலா 10 அங்குலமும், கைகள் இரண்டுக்கும் தலா 15 அங்குலமுமாக 67 அங்குலம் போகும். எல்லாத் துண்டின் அடியும் சிறிய கரையில் அமரட்டும். மீதியும், கைகளுக்கு மேலே எஞ்சும் பகுதியும் கழுத்துப் பைப்பிங்குக்கு ஆகும். சட்டையின் நீளம் 14 அங்குலம் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். பாடியை இறக்கும் நாளில் இடுப்புத் தையல் கீழே வரும். குட்டைச் சட்டை போட்டிருந்தால் பருத்தி வெளியே எட்டிப் பார்க்கும். முழுத் தோள் 10 அங்குலம், கைக்குழி 6 அங்குல ஆழம், கழுத்து அகலம் 5 அங்குலம், முன்கழுத்து மூன்றரையும் பின்கழுத்து மூன்றும் ஆழம் என்று வைக்கலாம். விலாத் தையலுக்கு இங்கேயும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுவிடுங்கள். சட்டையில் பட்டையும் லைனிங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு, ஒரே துணியாகப் பாவித்துத் தைப்பது எளிது. அப்போது இழுவையைப் பருத்தி தாங்கிக்கொள்ளும்.

கழுத்துக்குப் பட்டைக் குறுக்கு வாட்டில், அதாவது மூலைக்கு மூலை மடித்த கோட்டில், ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு வெட்டிய பட்டி வேண்டும். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாமல் சுருங்கும். உள்ளே மெல்லிய கயிறு வைத்துப் பைப்பிங் பிடித்து, கழுத்தின் உட்புறத்தைப் பருத்திப் பட்டியால் முடியுங்கள். கை, ஆறரை அங்குல உயரம் இருக்கட்டும். பஃப் கைக்கு மேலே தோளை ஒட்டி இருபுறமும் மும்மூன்று சிறு மடிப்பு வைத்தால் போதும். சுருக்கத்தைவிட மடிப்பே பட்டுக்கு அழகு. கையின் அடியில் சரிகைக் கரை வருவதால் அங்கே எலாஸ்டிக் வைக்கக் கூடாது. சரிகையின் சுருக்கம் குழந்தையின் தோலை அராவிச் சிவக்க வைக்கும். அடியையும் இரண்டு மூன்று மடிப்பால் எட்டரை அங்குலச் சுற்றுக்குக் குறைத்து, உட்புறம் முழுவதும் பருத்தி படியும்படி லைனிங்கைக் கரையின் விளிம்புவரை கொண்டுவந்து கைத்தையலால் முடியுங்கள். கைகளைச் சட்டையோடு முழுமையாகத் தைப்பதற்கு முன், ஓட்டுத் தையலோடு குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, இரு கைகளையும் தூக்கிக் கும்பிடச் சொல்லுங்கள். அப்போது அக்குள் பிடிக்கவில்லை என்றால் இயந்திரத் தையல் போடலாம். பின்புறத்துக்குத் துருப்பிடிக்காத கொக்கி ஐந்து போதும்.

உடுத்திக் கழற்றியபின் பாவாடையை உடனே பெட்டியில் வைக்காமல், வெயில் படாத இடத்தில் காற்றாட விடுங்கள். குற்றாலச் சாரலில் நனைந்திருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள். வாசனைத் திரவியம் சரிகையைக் கறுக்கச் செய்யும். ஆகவே, குழந்தைக்குப் பூசுவதானால் உடுத்துவதற்கு முன்பே பூசிவிட வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் நேரே படக்கூடாது.

பாவாடை ஏறத் தொடங்கும் ஆண்டில், பாடியின் தோளிலுள்ள கைத்தையலையும் தோள் தையலையும் பிரித்து, முதலில் 1 அங்குலம் மட்டும் விட்டுத் தையுங்கள். மீதி 1 அங்குலம் அதற்கடுத்த தேவைக்கு இருக்கட்டும். மார்பு இறுகினால் பாடியின் விலாவை முதலில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். சட்டையின் விலாவையும் பிரிக்க நேர்ந்தால், பழைய துளைகள் கைக்குக் கீழே, தொங்கும் கையின் மறைவில் நிற்கும்.